பொழுது சாய்வதற்குள் கோட்டைக்குப்பம்

"நான் செத்துட்டேம்மா. நீ கெளம்பு" என்று ஏகாம்பரம் அண்ணன் போன் செய்தபோது ஆம்ஸ்டர்டாமில் சரியாக விடிந்திருக்கவில்லை. அவருக்குப் பின்னால் படகு மோட்டார் ஓடுகிற சத்தம், மீன் ஏலம் கூவுகிற சத்தம், யாரோ யாரையோ கெட்ட வார்த்தையில் திட்டுகிற சத்தம் எல்லாம் கேட்டன. செத்துப்போனவர் நல்ல தெம்பாகத்தான் இருந்தார்.

"எப்பண்ணே?" என்றேன்.

"இப்பத்தான். கரைக்கு வந்தேன், மீன எறக்கினேன், செத்துட்டேன். ஜல்தியா வா. நாளைக்குப் பொழுது சாயறதுக்குள்ள எட்த்துடுவாங்கோ."

நான் வேலை செய்வது ஒரு முதியோர் இல்லத்தில். இரவுப் பணி முடிந்து கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தேன். கூட வேலை பார்க்கும் கஸ்தூரி எதிரே நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். செத்தவருக்கு அவள் ஒரே மகள். "நைனாவா?" என்றாள். "ஆமாடி, போயிட்டாரு" என்றேன் சிரித்துக்கொண்டே. அவள் சிரிக்கவில்லை. "நிக்காதக்கா, ஓடு" என்றாள்.

இது என்ன கூத்து என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கஸ்தூரியின் ஊர் கோட்டைக்குப்பம். பழவேற்காட்டை ஒட்டிய மீனவர் குப்பம். ஊரில் ஒரு சாவு விழுந்தால் பிணத்தை எடுக்கும்வரை அங்கே ஒருத்தரும் வலையைத் தண்ணீரில் போடமாட்டார்கள். கடலுக்கும் போகக்கூடாது, ஏரிக்கும் போகக்கூடாது. செத்தவருக்கு ஊர் செய்கிற மரியாதை அது. போன மழைக்காலத்தில் ஏகாம்பரத்தின் தம்பி இறந்தார். மஸ்கட்டில் இருந்த மகன் வந்து முகம் பார்க்கட்டும் என்று ஊர் காத்திருந்தது. நல்ல இறால் ஓடுகிற சமயம். பையன் வந்து சேர்வதற்குள் இரண்டு முழு நாள் போய்விட்டது. அன்றாடம் கூடை தூக்கி விற்றால்தான் அரிசி என்று இருக்கிற வீடுகளில் பிள்ளைகள் கஞ்சித் தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுத்தன. அதற்கப்புறம் ஊர் கூடிப் பேசியது. பிள்ளைகள் எந்த நாட்டில் இருந்தாலும் சரி, இன்றைக்குச் செத்தால் நாளைக்குப் பொழுது சாய்வதற்குள் எடுத்துவிட வேண்டும் என்று முடிவாயிற்று.

அங்கே ஊர்த்தலைவரை நாட்டார் என்பார்கள். அவர் அன்றைக்கு ஏகாம்பரத்திடம், "உன் பொண்ணு அவ்ளோ தூரத்துல கீதே, வந்துடுமா?" என்று கேட்டிருக்கிறார். இவர் அங்கேயே மகளுக்குப் போன் போட்டார். இரண்டு விமான நிலையத்தின் பெயரைத் தட்டினால் நடுவே ஒரு கோடு போட்டு தூரத்தையும் நேரத்தையும் சொல்கிற பக்கங்கள் போனில் இருக்கின்றன அல்லவா, கஸ்தூரி அதில் ஒன்றைத் திறந்தாள். ஏறக்குறைய எட்டாயிரம் கிலோமீட்டர், பத்து மணி நேரம் என்றது. "பத்து மணி நேரம்தான் நைனா" என்று அவள் சொன்னதை ஸ்பீக்கரில் ஊரே கேட்டது. பத்து மணி நேரமா, அப்படியானால் பொழுதுக்கு மேல் பொழுது இருக்கிறதே என்று எல்லோருக்கும் திருப்தி.

அந்தக் கோட்டின் மேல் எந்த விமானமும் ஓடுவதில்லை என்பது அவளுக்குப் பிறகுதான் உறைத்தது. வழியில் இறங்கி மாற வேண்டும். ஏறுவதற்கு முன்னால் மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இறங்கியபின் பழவேற்காட்டுக்குப் போக வேண்டும். அதிலிருந்து அவளுக்குத் தூக்கம் போய்விட்டது. "நைனா மொகத்தப் பாக்காம எட்த்துட்டா நான் இன்னாக்கா ஆவறது?" என்று பகல் சாப்பாட்டு நேரமெல்லாம் இதே பேச்சு. நான் ஆரம்பாக்கத்துக்காரி. விடுமுறைக்கு அங்கே என் அண்ணன் வீட்டுக்குப் போவதாக இருந்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். சாவுச் சேதி கேட்டவளைப் போல எங்கும் நிற்காமல் நேரே கோட்டைக்குப்பம் போய்ப் பார், பொழுதோடு போய்விட்டால் என் மனது ஆறும் என்றாள். அவள் அப்பாவும் ஒத்துக்கொண்டார். "புதுப் படகுனா வெள்ளோட்டம் வுட்டுப் பாக்கறோம் இல்ல? இதுவும் அப்டித்தான்" என்றார். புதன்கிழமை ஊர் மறுபடி கூடி அந்த முடிவை உறுதி செய்யப்போகிறது. அதற்குள் தெரிந்துவிடட்டும் என்பது அவர் கணக்கு.

ஆக, திங்கட்கிழமை காலை நான் ஓடினேன். டிக்கெட் முன்னமே கையில் இருந்தது எனக்குச் சாதகம்தான். நிஜச் சாவுக்கு அந்த வசதியும் இருக்காது.

விமானத்தில் பக்கத்து இருக்கையில் ஒரு டச்சுக் கிழவர். வழுக்கைத் தலை, சிவந்த மூக்கு. உட்கார்ந்ததும் பையிலிருந்து சீஸ் வைத்த ரொட்டியை எடுத்துவிட்டார். அந்த நாட்டில் ராஜாவானாலும் மத்தியானத்துக்கு இதுதான். விடுமுறைக்கா என்று டச்சில் கேட்டார்.

"இல்லை, சாவுக்கு" என்றேன்.

ரொட்டியைக் கீழே வைத்தார். "என் அனுதாபங்கள். அடக்கம் என்றைக்கு?"

"நாளைக்குச் சாயங்காலம்."

"நாளைக்கேவா? இறந்தவர் உங்களுக்கு என்ன உறவு?"

"இன்னும் யாரும் இறக்கவில்லை."

என்னை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தார். விஷயத்தைச் சொன்னேன். பயந்துபோய் வேறு இருக்கை கேட்பார் என்று நினைத்தேன். அவரோ முகம் மலர்ந்து, "அப்படியென்றால் நீங்களும் எங்களைப் போல முன்கூட்டித் திட்டமிடுகிறவர்கள்!" என்றார். அவர் மனைவி இறந்தபோது ஆறாம் நாள்தான் அடக்கமாம். எல்லோருடைய நாட்குறிப்பையும் பார்த்து, யாருக்கு எந்தக் கிழமை ஒழிவு என்று விசாரித்து நாள் குறித்தார்களாம். அதில் ஒருத்தி பல் வைத்தியரைப் பார்க்க வேண்டும் என்று ஒரு நாள் தள்ளி வைக்கச் சொன்னாளாம். அதைச் சொல்லும்போதும் அவருக்குக் கோபம் வரவில்லை.

முன்னாலிருந்த சின்னத் திரையில் பொம்மை விமானம் ஒன்று நகர்ந்துகொண்டிருந்தது. தூரம் குறையக் குறைய எனக்குச் சந்தோஷம். என்னமோ ஏகாம்பரம் அண்ணன் உண்மையாகவே நடுவீட்டில் கிடத்தப்பட்டிருப்பது போலவும், நான் போகாவிட்டால் காரியம் கெட்டுவிடும் போலவும் ஒரு பதைப்பு. சாப்பாடு என்று ஒன்று வந்தது. கோழியா பருப்பா என்று தின்றபிறகும் தெரியவில்லை.

நடுவில் இறங்கிய பாலைவன ஊரில் புழுதி கிளம்பிவிட்டது. கண்ணாடிக்கு வெளியே ஒன்றுமே தெரியவில்லை. விமானம் எப்போது என்று கேட்டால் அறிவிப்பைப் பாருங்கள் என்றார்கள், அறிவிப்பில் தாமதம் என்று மட்டும் இருந்தது. அங்கேயே தரையில் துண்டை விரித்து ஒரு கூட்டம் படுத்திருந்தது. எல்லாம் நம் பையன்கள். அதில் கடலூர்ப்பக்கத்துப் பையன் ஒருவன் போனைக் காதில் வைத்து, "எடுக்க வேணாம்னு சொல்லுங்க மாமா, எடுக்க வேணாம்னு சொல்லுங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். நான் விளையாட்டுக்குப் போகிறேன், இவன் நிஜத்துக்குப் போகிறான். ஒரு பாட்டில் தண்ணீர் வாங்கி அவன் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தேன். வேறென்ன செய்ய?

செவ்வாய்க்கிழமை சென்னையில் இறங்கியபோது நடுப்பகல். விடிந்ததும் இறங்கியிருக்க வேண்டியது. போகட்டும், பொழுது சாய இன்னும் நேரம் இருக்கிறது, மிச்சம் அறுபது எழுபது கிலோமீட்டர்தானே என்று தெம்பாகவே இருந்தேன். பெட்டி வரும் பட்டை சும்மாவே சுற்றிக்கொண்டிருந்தது. சாவுக்குப் போகிறவள் பெட்டிக்கு நிற்பாளா? என் அண்ணன் பிறகு வந்து வாங்கிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டு சென்ட்ரல் போய், பொன்னேரிக்கு ரயில் பிடித்தேன். ரயிலில் முறுக்கு, சமோசா, கொய்யாப்பழம் எல்லாம் வந்தன. விமானச் சாப்பாட்டுக்குப் பிறகு மிளகாய்த்தூள் தடவிய கொய்யாப்பழம் தேவாமிர்தம்.

பொன்னேரியில் பழவேற்காட்டு பஸ் நின்றுகொண்டிருந்தது. ஓட்டுநரைத்தான் காணோம். வந்தார், ஏறினார், இறங்கினார், டீ குடித்தார். பள்ளிக்கூடம் விடும் நேரமாகிவிட்டதால் வழியெல்லாம் சீருடைகள் ஏறின. என் மடியில் முன்பின் தெரியாத மூன்று புத்தகப்பை. அதையும் பொறுத்துக்கொண்டேன். பழவேற்காட்டுக்கு இன்னும் கொஞ்ச தூரம் இருக்கும்போது பஸ் அப்படியே நின்றுவிட்டது.

எட்டிப் பார்த்தால் முன்னால் ஒரு சாவு ஊர்வலம். பூப்பல்லக்கு, பறை, வெடி. பூவை வாரி வாரி ரோட்டில் இறைத்துக்கொண்டு, நான்கு இளவட்டங்கள் ஆடிக்கொண்டு, அந்தச் சாலையின் முழு அகலத்துக்கும் போய்க்கொண்டிருந்தார்கள். ஓட்டுநர் ஹாரன் அடிக்கவில்லை. அடிக்கவும் கூடாது. கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு மோட்டாரை நிறுத்தினார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. எட்டாயிரம் கிலோமீட்டர் ஓடி வந்த என்னை யாரோ ஒரு புண்ணியவானின் பிணம் இப்படி வழிமறிக்க வேண்டுமா?

"இன்னா யக்கா, சும்மா வெளிய வெளிய பாக்கற? அவசரமா?" என்றாள் பக்கத்தில் கூடையோடு நின்ற பெண்.

"ஒரு சாவுக்குப் போகணும்."

"அப்ப இன்னா பேஜாரு? இங்கியே ஒண்ணு கீதே" என்றாள். பஸ்ஸே சிரித்தது.

பழவேற்காட்டில் இறங்கி ஆட்டோ பிடித்துக் கோட்டைக்குப்பம் போய்ச் சேர்ந்தபோது ஏரியின் மேற்குப் பக்கம் சிவந்து, அந்தச் சிவப்பும் கறுத்துக்கொண்டிருந்தது. கரையில் மோட்டார்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பும் சத்தம். இரவு இறாலுக்குப் போகிற படகுகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. அவற்றைப் பார்த்தபடி, மடித்துக் கட்டிய லுங்கியும் கழுத்தில் துண்டுமாக ஒரு மனிதர் நின்றிருந்தார். அறுபது வயது இருக்கும். ஒட்டிய வயிறு, உருண்டைத் தோள். என்னைப் பார்த்ததும் கடைசிப் படகைக் கை நீட்டிக் காட்டினார்.

"என்னிய எட்த்தாச்சும்மா. பாரு, ஊரு தொழிலுக்குப் போயிடிச்சி."

சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. தோற்போம் என்று அவர் நினைத்திருக்கவே இல்லை. வீட்டு வாசலில் நின்ற அவர் மனைவி தனம்மா, "வந்த பொம்பளைக்கு ஒரு சொம்பு தண்ணி குடுக்காம இன்னா பேச்சு பேசற நீ?" என்று அவரைத் திட்டிவிட்டு என்னை உள்ளே கூட்டிப் போனார். இருப்பதிலேயே நல்ல பாயை விரித்து, மடவை மீன் குழம்பும் சோறும் போட்டார். புளியும் காரமும் நெஞ்சு வரைக்கும் போயிற்று. நான் தட்டில் கை வைத்த நேரம் பார்த்துக் கஸ்தூரியின் போன்.

"போயிட்டியாக்கா? பொழுது இருந்துச்சா?"

பொய் சொல்ல வாய் வரை வந்தது. அந்த வீட்டுச் சுவரில் அவள் பள்ளிக்கூடச் சீருடையில் நிற்கிற படம் இருந்தது. "இல்ல கஸ்தூரி. கொஞ்சம்தான் தவறிப்போச்சு" என்றேன். அவள் போனை வைத்துவிட்டாள். அப்புறம் நான் எத்தனை முறை கூப்பிட்டும் எடுக்கவில்லை.

தனம்மா இன்னொரு துண்டு மீனை என் தட்டில் வைத்தார்.

புதன்கிழமை காலை தனம்மாவோடு மீன் விற்கப் பழவேற்காட்டுக்குப் போனேன். நானும் இதே ஏரிக்கரைக்காரிதான், ஆனால் மேற்குக் கரை. நாங்கள் நெல்லைப் பார்த்து வளர்ந்தவர்கள். ஏரி எங்களுக்குத் தூரத்தில் பளபளக்கிற ஒரு கோடு, அவ்வளவுதான். இங்கேயோ பேச்சு, வீடு, புடவை எல்லாவற்றிலும் ஏரி. தனம்மா கூடையில் ஒரு வரிசை மீன், ஒரு வரிசை ஐஸ் என்று அடுக்குகிற வேகத்தை நான் வாயைப் பிளந்து பார்த்தேன். வழியெல்லாம் அவருக்கு நான் வேலை செய்யும் ஊரைப் பற்றிக் கேள்வி. அங்கே ஹேரிங் என்ற மீனைச் சமைக்காமல், வெங்காயத்தைத் தூவி, வாலைப் பிடித்து அண்ணாந்து வாய்க்குள் விடுவார்கள் என்றேன். நடந்தவர் நின்றுவிட்டார். "பச்சையாவா? அய்ய! அடுப்பு கெடையாதா அவங்களாண்ட?"

விற்று முடித்துத் திரும்பும்போது, ஒரு காலத்தில் இங்கே வியாபாரம் செய்த டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டம் திறந்திருந்தது. வாசலில் இரண்டு பக்கமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் காவல் நிற்கின்றன. அவர்கள் கட்டிய கோட்டை மண்மேடாகிப் புதர் மண்டிவிட்டது. ஊருக்குப் பேரைக் கொடுத்துவிட்டு அது போய்விட்டது, கல்லறைகள் மட்டும் கெட்டியாக இருக்கின்றன. தனம்மா தினமும் இந்த வழியே போகிறவர், உள்ளே வந்ததில்லையாம். நான் ஒரு கல்லின் முன் குனிந்து எழுத்துக்கூட்டினேன். பழைய காலத்து டச்சு, ஆனாலும் பிடிபட்டது.

"இன்னா எய்தி கீது?"

"'இங்கே இளைப்பாறுகிறாள்'னு இருக்கு. ஒருத்தரோட பெண்டாட்டி. சின்ன வயசுதான்."

"நீ வேல செய்ற ஊர்க்காரியா?"

"அந்தப் பக்கம்தான்."

தனம்மா வெறுங்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு கல்லையே பார்த்தார். "இவ அம்மா வந்து பாத்துச்சா?"

"எங்கக்கா வர்றது? அப்போ கப்பல்தான். இங்கிருந்து சேதி போய்ச் சேரவே அரை வருசத்துக்கு மேல ஆகும். பதில் வர இன்னொரு அரை வருசம்."

"அடப் பாவமே. செத்தது தெரியாமலே பொண்ணு நல்லாருக்குதுன்னு நெனச்சிகினு இருந்துருக்கும்" என்றார். முந்தானையால் கல்லின் மேலிருந்த சருகைத் தட்டிவிட்டார்.

இப்போது அங்கே எப்படி என்று கேட்டார். விமானத்துக் கிழவர் சொன்னதைச் சொன்னேன். ஐந்தாறு நாள் கழித்துத்தான் எடுப்பார்கள், நாள் பார்த்து, எல்லோருக்கும் ஒழிந்த நேரத்தில். வந்தவர்களுக்குக் காப்பியும் ஒரு துண்டு கேக்கும் கொடுப்பார்கள். அது வரைக்கும் பலர் வீட்டிலேயே வைத்திருப்பார்கள். எங்கள் இல்லத்தில் ஒரு பாட்டியை அவர் அறையிலேயே அப்படி வைத்திருந்தார்கள், நான்தான் தலை வாரிவிட்டேன் என்றேன்.

"நாத்தம் அடிக்காது?"

"கீழ ஒரு குளிர்ப்பலகை வைப்பாங்க. கரண்ட்ல ஓடும். சில்லுனு இருக்கும்."

"மீனுக்கு ஐஸ் போடற மாதிரி?"

"அதே மாதிரிதான்."

"ஒலகம் தொழிலுக்குப் போயிகினு வந்துகினு இருக்கும், அது பாட்டுக்குப் படுத்துகினு இருக்குமா?"

"ஆமாக்கா."

"ஓகோ" என்றார். வீடு வரைக்கும் பேசாமல் நடந்தார். வெயில் ஏறிவிட்டது, களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

மத்தியானம் ஏகாம்பரம் என்னைப் படகில் ஏற்றிக்கொண்டு முகத்துவாரம் வரை போய்வந்தார். அவருக்குத் தூரமெல்லாம் டீசலில்தான். அந்தத் தீவுக்கு இரண்டு லிட்டர், இந்தக் குப்பத்துக்கு ஒன்றரை. "நீ வந்த வழிக்கு எத்தினி லிட்டர் ஊத்துவான்?" என்று கேட்டார். தெரியாது, லாரி லாரியாக ஊற்றுவார்கள் என்றேன். "அத்தினி ஊத்தியும் லேட்டு" என்று தலையை ஆட்டினார். திரும்பி வரும்போது மோட்டாரைக் குறைத்துவிட்டு, "அவளாண்ட பேசுனியா?" என்றார். எடுக்கவில்லை என்றேன். தண்ணீரைப் பார்த்துக்கொண்டே, "பத்து மணி நேரம்னு சபைல சொன்னா. நானும் நம்பி, ஆமா எம் பொண்ணு வந்துடுவானு மார தட்டிகினு சொன்னேன்" என்றார்.

மாலையில் அம்மன் கோயிலுக்கு முன்னால் ஊர் கூடியது. ஆண்கள் மணலில் உட்கார்ந்தார்கள். பெண்கள் வலை வைக்கிற கொட்டகை ஓரம் நின்றார்கள். நாட்டார் ஒல்லியான மனிதர், மூக்குக்கண்ணாடி, சன்னக் குரல். என்னை எழுந்து நிற்கச் சொன்னார்.

"நீ வந்த கதைய ஊருக்குச் சொல்லும்மா."

சொன்னேன். புழுதி, பெட்டி, பஸ், எல்லாம். ஊர்வலம் வந்த இடத்தில் எல்லோரும் சிரித்தார்கள்.

"அந்தச் சாவு குறுக்க வராங்காட்டி பொழுதோட வந்துருப்பியா?" என்றார் ஒருவர்.

"வந்திருப்பேன்னுதான் நெனைக்கிறேன்."

"சாவு குறுக்க வராத ரோடு எங்கியா கீது?" என்றார் இன்னொருவர். அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

ஏகாம்பரம் எழுந்தார். "ஊரு முடிவு முடிவுதான். எந்தம்பிக்காவ ரெண்டு நாளு நின்னீங்கோ. கொழந்தைங்கோ பட்டினி கெடந்துச்சி, எனக்குத் தெரியும். எம் பொண்ணுக்காவ இன்னொரு வாட்டி யாரும் வலைய மடிக்க வேணாம். நான் செத்தா மறுநாளு பொழுதோட எட்த்துடுங்கோ." குரல் திடமாகத்தான் இருந்தது. கை மட்டும் கழுத்துத் துண்டை முறுக்கிக்கொண்டே இருந்தது. என்னால் அவரை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

நாட்டார் தலையசைத்தார். "அப்ப மின்ன எட்த்த முடிவே..."

"அது அவுரு பொணத்துக்கு" என்று கொட்டகைப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது.

எல்லாத் தலையும் திரும்பியது. தனம்மா.

"அவுரு பொணத்துக்கு அவுரு சொல்லிட்டாரு. எம் பொணத்துக்கு நான் சொல்லணும் இல்ல?"

"பொம்பளைங்கோ சபைல பேசற பழக்கம் கெடையாது தனம்" என்றார் முன்வரிசைப் பெரியவர் ஒருவர்.

"சாவற பழக்கம் மட்டும் கீதா?"

யாரோ சிரித்து, சட்டென்று அடக்கிக்கொண்டார்கள். தனம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு இரண்டடி முன்னால் வந்தார். "நான் செத்தா எம் பொண்ணு வர்ற வரிக்கும் என்னிய எடுக்கக் கூடாது. எத்தினி நாளு ஆனாலும் சரி."

சபை சலசலத்தது. "அத்தினி நாளும் ஊரு பட்டினி கெடக்கணுமா?" என்று ஓர் இளைஞன் எழுந்தான்.

"உன்னிய யாருடா பட்டினி கெடக்கச் சொன்னது? நீ வலைக்குப் போ. என்னிய ஐஸ் பொட்டில வெச்சிட்டுப் போ. இத்தினி வருசமா மீனுக்கு ஐஸ் போட்டவோ நானு. எனக்கு ஐஸ் புதுசா? நான் பாட்டுக்குப் படுத்துகினு இருக்கேன். நீங்கோ தண்ணிக்குப் போங்கோ, வாங்கோ, ஏலம் வுடுங்கோ. ஒரு குத்தமும் வராது. வந்தா என்னாண்ட வரட்டும்."

நாட்டார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் குரலில் கோபம் இல்லை, வருத்தம்தான் இருந்தது. "பொணத்த வெச்சிகினு தொழிலுக்குப் போனா செத்தவங்களுக்கு மரியாதி இல்லாம பூடுமே தனம்."

"அந்த மரியாதி எனக்குத்தான குடுக்கறீங்கோ? எனக்கு வேணாம்னு சொல்றேன். எனக்கு எம் பொண்ணு வேணும்."

ஏகாம்பரம் நின்ற இடத்திலேயே நின்றார், துண்டை முறுக்குவதை விட்டுவிட்டார். கொட்டகை ஓரத்திலிருந்து ஒரு பெண், "எனக்கும் அப்டித்தான்" என்றாள். அவள் மகன் குவைத்தில் இருக்கிறானாம். அவளுக்குப் பின்னாலிருந்து இன்னொருத்தி, "எனக்கும்" என்றாள். அப்புறம் முகம் தெரியாத இருட்டிலிருந்து எனக்கும் எனக்கும் என்று குரல்கள் வந்துகொண்டே இருந்தன.

நாட்டார் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். கடைசியில், "உசுரோட இருக்கும்போதே சபைல சொன்னவங்களுக்கு அவங்கோ சொன்னபடி. மத்தவங்களுக்கு மறுநாளு பொழுது. அவ்ளோதான், ஏந்திருங்கோ" என்றார்.

வீட்டுக்கு வந்து காலைக் கழுவிக்கொண்டு ஏகாம்பரம் வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு யாரையும் பார்க்காமல், "நானும் நாளைக்கு நாட்டாராண்ட போயி அந்த ஐஸ் பொட்டியே எனக்கும்னு சொல்லிட்டு வந்துடறேன்" என்றார்.

"சபைல நாக்கு எங்க போச்சு?" என்று உள்ளேயிருந்து தனம்மா கேட்டார். அன்றைக்கு இரண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிட்டதை நான் பார்க்காதது மாதிரி இருந்துகொண்டேன்.

வியாழக்கிழமை காலை நான் ஆரம்பாக்கம் கிளம்பினேன். சொல்லிக்கொள்ளக் கரைக்குப் போனால் படகுகள் வந்து இறங்கியிருந்தன. தனம்மா ஏலத்தில் எடுத்த மீனுக்கு நடுவே சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஐஸை உடைத்து உடைத்துக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தார். பழைய செய்தித்தாளில் சுற்றி எனக்கென்று மடவைக் கருவாடு எடுத்து வைத்திருந்தார். விமானத்தில் ஏற்றுவார்களா என்றேன். பூப் போட்ட புடவைக்கு நடுவில் வைத்துக் கொண்டுபோ, யார் மோந்து பார்க்கப் போகிறான் என்றார்.

அப்போது என் போன் அடித்தது. கஸ்தூரி. இரண்டு நாளாகப் பேசாதவள். எடுத்த எடுப்பில், "வேலைய வுட்டுட்டு வந்துடறேன்னு அம்மாவாண்ட சொல்லுக்கா. என்னால இங்க இருக்க முடியல" என்றாள். அழுது அழுது குரல் கட்டியிருந்தது.

நான் போனைத் தனம்மாவின் காதில் வைத்துப் பிடித்தேன். அவர் இரண்டு கையிலும் செதிலும் ஐஸும். மகள் சொன்னதையெல்லாம் கடைசி வரைக்கும் கேட்டார். நடுவில் ஒருமுறை மட்டும் தோளால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அடிப் பைத்தியமே, அழுவாத. ஊரு ஒத்துகிச்சி. நீ வேலையப் பாரு. நான் போயிட்டேன்னு சேதி வந்துச்சினா அடிச்சிப் புடிச்சி ஓடியாராத. வழில எதுனா துன்னு, கொஞ்சம் தூங்கு, பொட்டி வந்தா நின்னு வாங்கிகினு மெதுவா வா. நான் எங்க போயிடப் போறேன்? நீ வர்ற வரிக்கும் இங்கதான் படுத்துகினு இருப்பேன்."